மழையை முந்தும் பழங்கொடிகள்

செப்டம்பர் கடைசி வந்துவிட்டால் போர்ச்சுகலின் பைராடா பகுதியில் திராட்சை வைத்திருப்பவர்கள் எல்லோரும் மேற்கே பார்த்தபடிதான் பேசுவார்கள். அந்தப் பக்கம் அட்லாண்டிக் கடல். அங்கிருந்து மேகம் கிளம்பினால் தடுக்க நடுவில் ஒரு குன்றுகூடக் கிடையாது. மலைகள் எல்லாம் கிழக்கே இருக்கின்றன. புசாக்கோவும் கராமுலோவும் வந்த மேகத்தை மறித்து, மழையை இங்கேயே கொட்ட வைக்கும். வெள்ளைத் திராட்சையை அதற்குள் பறித்து முடித்திருப்பார்கள். பாகா மட்டும் இன்னும் கொடியில் தொங்கும், பழுத்தும் பழுக்காமலும்.

பாகா அந்த மண்ணின் கருப்புத் திராட்சை. போர்ச்சுகலுக்கே உரிய திராட்சை ரகங்கள் 250க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் இந்த ஒன்றைப் பற்றித்தான் என்னால் மணிக்கணக்கில் பேச முடியும். அதன் சிவப்பு ஒயின் எனக்குப் பிடிக்கும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அதை வளர்க்கிறவர்களின் கவலைகள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவை என்பது.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவள். அப்பா காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். பன்னீருக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்போது நான் போர்ச்சுகலுக்கு வந்துவிட்டிருந்தேன். அவெய்ரோ பல்கலைக்கழகத்தில் பீங்கான் பொருட்கள் பற்றிய ஆய்வில் வேலை. எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த அம்மாளின் சொந்த ஊர் பைராடாவில் கந்தன்யேட் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அவருடைய அண்ணனுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் அவர் சிரமப்படுகிறார் என்று கேள்விப்பட்டு நானும் கூடப் போனேன். இப்போது ஒவ்வொரு அறுவடைக்கும் போகிறேன். நான் அவரைத் தாத்தா என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் என்னை 'மெனினா' என்று கூப்பிடுவார். பாப்பா என்கிற மாதிரி.

அவருடைய நிலம் ஒரே இடத்தில் இல்லை. பைராடா முழுக்கவே அப்படித்தான், பாகப்பிரிவினையில் துண்டு துண்டாகப் போன நிலம். யூகலிப்டஸ் தோப்புக்கும் சோளக் காட்டுக்கும் நடுவே ஒரு துண்டு, கோயில் பாதையோரம் இன்னொன்று. தோப்புப் பக்கத்துத் துண்டில்தான் பழங்கொடிகள் நிற்கின்றன. அவருடைய தாத்தா 1920களில் நட்டவை. தண்டு என் தொடை அளவு பருத்து, முறுக்கிக்கொண்டு, சிலது உள்ளே பொந்து விழுந்து, இடுப்பு உயரம்கூட எட்டாமல் நிற்கின்றன. தலைக்கு மேலே பந்தல் படர்ந்து, அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டிப் பழகிய எனக்கு, குனிந்து குனிந்து பறிக்கிற திராட்சை என்பதே புதிது. முதல் நாள் சாயங்காலம் இடுப்பு நிமிரவில்லை.

ஆனால் மண்ணில் உட்கார்ந்து ஒரு கொடியைப் பக்கத்தில் பார்க்கும்போது தெரிகிற விஷயங்கள் இருக்கின்றன. ஒரு கொடியில் நாலைந்து குலைகள்தான். சின்னவை, இறுக்கமானவை. பழம் ஒவ்வொன்றும் பன்னீரில் பாதி அளவுகூட இராது. அங்கங்கே வரிசைக்கு நடுவில் வேறு ரகங்களும் நிற்கும். பாகாவுக்கு இடையில் ஒரு காஸ்டெலாவ், அந்தப் பக்கம் வெள்ளைத் திராட்சையான பிக்கால். பழைய ஆட்கள் கலந்துதான் நடுவார்கள். ஒரு ரகத்தை நோய் அடித்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது கணக்கு. இலைகளின் அடியில் நீலப் படலம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த போர்டோ கலவை. அதே நீலத்தை அப்பாவின் சட்டையில் வருஷம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அடிச்சாம்பல் நோய்தான், அங்கேயும் அதேதான்.

சரி, கொடிக்கு வயதானால் ஒயினுக்கு என்ன லாபம்? பழங்கொடி என்றாலே உயர்வு என்று சொல்லிவிடுவது எளிது. கடையில் பாதிக் குப்பிகளில் 'வின்யாஸ் வெல்யாஸ்', அதாவது பழங்கொடிகள், என்று போட்டிருக்கிறார்கள். எல்லா ரகத்துக்கும் வயது ஒரே மாதிரி உதவுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பாகா விஷயத்தில் சந்தேகமே இல்லை. பாகாவுக்கு வயது அலங்காரம் இல்லை, அத்தியாவசியம்.

இளம் பாகாக் கொடி கட்டுக்கடங்காமல் காய்க்கும். விட்டால் தாங்க முடியாத அளவுக்குக் குலை தள்ளும். அத்தனையையும் பழுக்க வைக்க அதனால் ஆகாது. பாகா ஏற்கெனவே தாமதமாகப் பழுக்கிற ரகம். சுமையும் கூடினால் அக்டோபர் வரை இழுக்கும். அதற்குள் மழை வந்துவிடும். இறுக்கமான குலையில் தண்ணீர் புகுந்தால் உள்ளிருந்தே அழுகல் ஆரம்பிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் குலை நன்றாகவே தெரியும், கத்தரிக்கோலை வைத்த பிறகுதான் நடுவில் சாம்பல் பூத்திருப்பது தெரியும். விவசாயிக்கு இரண்டே வழி. காத்திருந்து அழுக விடலாம், அல்லது பயந்து முன்னாலேயே பறித்துவிடலாம். பயந்து பறித்த பாகாவில் புளிப்பு பல்லைக் கூச வைக்கும். தோலிலும் விதையிலும் இருக்கிற துவர்ப்பு பழுக்காத துவர்ப்பு, நாக்கை ஒட்டிப் பிடிக்கும். பாகாவுக்கு முரட்டு ஒயின் என்கிற கெட்ட பெயர் இப்படி வந்ததுதான். ஊர் ஊராக அப்படிப் பறித்து, கூட்டுறவுத் தொட்டிகளில் கொட்டி, மலிவாக விற்றார்கள். அந்தப் பெயருக்குத் திராட்சை காரணம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். சுமையும் அவசரமும்தான் காரணம்.

பழங்கொடி தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்கிறது. நாலைந்து குலைக்குத்தான் அதற்குத் தெம்பு, அந்த நாலைந்தையும் முழுசாகப் பழுக்க வைக்கிறது. பக்கத்து நிலத்து இளங்கொடிகளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே பழுத்தும் விடுகிறது. அந்தச் சில நாட்களில்தான் எல்லாமே இருக்கிறது. மழைக்கு முன்னால் பறித்த பாகாவும் மழைக்குப் பின்னால் பறித்த பாகாவும் வேறு வேறு ஒயின்கள். வேரும் ஒரு காரணம். இங்கே மண் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்தது, அடியில் ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறை. ஆழத்தில் இறங்கிய வேருக்குக் கோடையிலும் கொஞ்சம் ஈரம் கிடைக்கும். செப்டம்பரில் ஒரு நாள் திடீர் மழை பெய்தாலும் அந்தத் தண்ணீரைப் பழங்கொடி உடனே குடித்துப் பழத்தை ஊத வைப்பதில்லை என்று தாத்தா சொல்வார். "சின்னப் பயல்கள்தான் மேலே இருக்கிறதைக் குடித்து வெடித்துப்போவார்கள்" என்பார். மழைக்கு மறுநாள் காலை இரண்டு துண்டுகளிலும் நடந்து பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது.

இளங்கொடிகளை என்ன செய்வது? அதற்கு இந்த ஊர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பைராடா நுரை ஒயினுக்கும் பெயர்போன ஊர். 1890இல் அனாடியாவில் அந்த வேலை தொடங்கியது. நுரை ஒயினுக்குப் புளிப்பு அதிகமாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்கிற சாறுதான் வேண்டும். அதனால் ஆகஸ்ட் கடைசியில், செப்டம்பர் தொடக்கத்தில், கொடியில் இருக்கிற குலைகளில் ஒரு பகுதியை முதலில் பறித்துவிடுகிறார்கள். தோல் கருப்பாக இருந்தாலும், மெதுவாகப் பிழிந்து தோலை உடனே பிரித்துவிட்டால் சாறு வெளிறித்தான் வரும். அது நுரை ஒயினுக்குப் போகிறது. சுமை குறைந்த கொடி மீதிக் குலைகளை நேரத்துக்குப் பழுக்க வைத்துவிடுகிறது, அவை சிவப்பு ஒயினுக்கு. மற்ற ஊர்களில் சுமை குறைப்பது என்றால் பச்சைக் குலைகளை வெட்டித் தரையில் போட்டுவிடுவார்கள். விளைந்ததைத் தரையில் போடுவதைப் பார்த்தால் அப்பாவுக்கு மனசு ஆறாது. பைராடாவின் இந்த முறையை நான் தொலைபேசியில் விவரித்தபோது அவர் ரொம்ப நேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இரட்டை அறுவடையைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் லூயிஸ் பாட்டோ. வேதிப் பொறியியல் படித்தவர். 1980இல் தன் முதல் ஒயினைச் செய்தார். அதுவரை பைராடாவில் வழக்கம் என்னவென்றால், திராட்சையைக் காம்போடு சேர்த்துத் திறந்த தொட்டியில் கொட்டி, காலால் மிதித்து, அப்படியே நொதிக்க விடுவது. பழத்திலேயே துவர்ப்பு அதிகம், அதில் பச்சைக் காம்பின் துவர்ப்பும் சேர்ந்தால் அந்த ஒயின் பத்து வருஷத்துக்கு வாயில் வைக்க முடியாததாக இருக்கும். பாட்டோ காம்பை நீக்கினார், கொடியின் சுமையைக் குறைத்தார், பழங்கொடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனிக் குப்பியில் அடைத்தார். வின்யா பரோசா என்கிற ஒயின் அப்படி ஒரே தோட்டத்துப் பழங்கொடிகளிலிருந்து வருவது. பாகாவை உலகம் மரியாதையோடு குடிக்க வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதற்காகக் காம்போடு செய்வது தப்பு என்று ஆகிவிடாது. கிந்தா தாஸ் பாஜெய்ராஸ் என்ற குடும்பத் தோட்டத்தில் இன்றும் தங்கள் சிறந்த சிவப்பு ஒயினைக் காம்போடுதான் நொதிக்க வைக்கிறார்கள், பிறகு பெரிய பழைய மரப் பீப்பாய்களில் வைக்கிறார்கள். பழம் முழுசாகப் பழுத்திருந்தால் காம்பும் பழுத்திருக்கும், அப்போது அது ஒயினுக்கு ஒரு எலும்பைக் கொடுக்கிறது. தாத்தாவும் அந்தக் கட்சிதான். அவர் வீட்டுப் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. பறித்த அன்று ராத்திரியே மிதிக்க வேண்டும். சாறு குளிர்ந்திருக்கும், காம்பு உள்ளங்காலில் குத்தும், தோல் விரலிடுக்கில் வழுக்கும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். வேகமாக மிதித்தால் விதை நசுங்கிக் கசப்பு இறங்கிவிடும் என்று பாட்டி வாசலில் நின்று அதட்டிக்கொண்டே இருப்பார்.

ஒரு தடவை தாத்தா நிலவறையிலிருந்து 1985ஆம் வருஷத்துக் குப்பி ஒன்றை எடுத்து வந்தார். ஒட்டுத்தாள் கிடையாது, கண்ணாடியில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண் மட்டும். தக்கை பாதி உடைந்து வந்தது. நிறம் ஓரத்தில் செங்கல் மாதிரி மங்கிவிட்டிருந்தது. மணம் எழும்பக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் ஈரமண், காய்ந்த இலை, அப்புறம் புகையிலை, கடைசியில் பழம். துவர்ப்பு போய்விடவில்லை, நாவற்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்கிற அளவுக்கு இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. புளிப்பு மட்டும் நேற்றுச் செய்த மாதிரி உயிரோடு இருந்தது. பாகாவைக் காப்பாற்றுவது அந்தப் புளிப்புதான். மற்ற ஒயின்கள் களைத்துப்போகிற வயதில் இது பேச ஆரம்பிக்கிறது. காவெஸ் சாவ் ஜுவாவ் என்ற பழைய நிறுவனத்தின் ஃப்ரேய் ஜுவாவ் குப்பிகளில் 1960களிலும் 70களிலும் செய்தவை இன்னும் நன்றாக இருப்பதாக ஒயின் சேர்ப்பவர்கள் தேடி அலைவது இதனால்தான்.

1985 என்று சொன்னதும் தாத்தா வேறொன்றையும் சொன்னார். அதற்கு அடுத்த வருஷம் ஜனவரியில் போர்ச்சுகல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. சாலைகள் வந்தன, பணம் வந்தது. பிறகு கொடிகளைப் பிடுங்குவதற்கு மானியமும் வந்தது. ஐரோப்பாவில் ஒயின் தேவைக்கு மேல் தேங்கிக் கிடந்ததால், திராட்சையை விட்டு விலகுகிறவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அப்படி ஒரு திட்டம் 2008இல் தொடங்கி மூன்று பருவங்கள் நடந்தது. முதலில் பிடுங்கப்பட்டவை எவை? அதிகம் காய்க்காதவை, இயந்திரம் நுழைய முடியாதவை, வயதானவர்கள் வைத்திருந்தவை. அதாவது பழங்கொடிகள்.

இந்த ஊருக்குக் கொடியைப் பிடுங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருவது புதிதும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் சக்திவாய்ந்த அமைச்சராக இருந்த பொம்பால் பிரபு 1756இல் டூரோ பள்ளத்தாக்கை எல்லை கட்டிப் போர்ட் என்கிற இனிப்பு ஒயினுக்கென்று ஒதுக்கினார். பைராடாவின் கருஞ்சிவப்பு ஒயினைப் போர்ட்டில் கலக்கிறார்கள் என்று சொல்லி, பிறகு இந்தப் பக்கத்துக் கொடிகளைப் பிடுங்க உத்தரவு போட்டார். நல்ல நிறமும் புளிப்பும் இருந்ததே குற்றமாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்சரா வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து வேரைத் தின்கிற பூச்சி அது. அமெரிக்கக் கொடியின் வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் ஐரோப்பா பிழைத்தது. தாத்தாவின் துண்டும் அப்படி ஒட்டுக் கட்டிய பிறகு நட்டதுதான். மணலில் அந்தப் பூச்சி பிழைக்காது என்பதை வைத்து, லூயிஸ் பாட்டோ 1988இல் தன் ரிபெய்ரின்யோ தோட்டத்தின் மணற்பாங்கான ஒரு பகுதியில் ஒட்டே கட்டாமல் பாகாவை நட்டுப் பார்த்தார். பே ஃப்ராங்கோ என்று அந்த ஒயினுக்குப் பெயர். விளைச்சல் மிகமிகக் குறைவு.

இவ்வளவு தாண்டி வந்ததற்கு இப்போது இருக்கிற எதிரி ரொம்பச் சாதாரணமானது. கிலோ கணக்கு. திராட்சையை எடையில் வாங்குகிறார்கள். தாத்தாவின் பழங்கொடித் துண்டு தருகிற எடையைவிடப் பல மடங்கு பக்கத்து இளங்கொடித் துண்டு தரும். சர்க்கரை அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை உண்டு, அவ்வளவுதான். கொடியின் வயதை எந்தத் தராசும் காட்டாது. ஒரு வருஷம் அவர் தன் பழத்தை எப்போதும் வாங்குகிற இடத்துக்கு எடுத்துப்போனார். அங்கே பழங்கொடிப் பழத்தையும் நேற்று நட்ட கொடிப் பழத்தையும் ஒரே குழியில் கொட்டினார்கள். திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கம்பத்தில் தரகர் வந்து பந்தலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மொத்தத்துக்கும் ஒரே விலை சொல்லிவிட்டுப் போவது நினைவுக்கு வந்தது. அப்பாவும் அன்றைக்கு அப்படித்தான் பேசாமல் இருப்பார்.

2003இல், பைராடா என்ற பெயரில் ஒயின் விற்பதற்கான விதிகளைத் தளர்த்தி, காபர்னே, மெர்லோ, சிரா என்கிற வெளிநாட்டுத் திராட்சை ரகங்கள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். எங்கும் விளைகிற அவை சீக்கிரம் பழுக்கும், மழைப் பயம் இல்லை, கடைகளில் பெயர் தெரியும். விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வீடு இருக்கிறது. ஆனால் உலகத்தில் எங்கும் கிடைக்கிற ஒயினை இங்கேயும் செய்வதற்கு இந்தக் களிமண்ணும் இந்த மழையும் எதற்கு? பாகா குறைந்தது பாதியாவது இருந்தால்தான் 'கிளாசிகோ' என்ற பெயரைப் போடலாம் என்று அதே விதிகளில் ஒரு ஏற்பாடு வைத்தார்கள், அந்த அளவுக்காவது நல்லது.

பழங்கொடி போனால் போவது ஒயின் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் நாற்றங்கால் கொடி கிடையாது. தோட்டத்தில் நன்றாக இருக்கிற கொடிகளிலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக் கட்டுவார்கள். அதனால் ஒரே பாகா வரிசையில் கொடிக்குக் கொடி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒன்று முந்திப் பழுக்கும், ஒன்றின் குலை சற்றுத் தளர்வாக இருந்து அழுகலைத் தாங்கும். இந்த வித்தியாசங்களைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றுவதற்காகவே போர்விட் என்ற அமைப்பு போர்ச்சுகலில் இயங்குகிறது. பெகோயிஸ் என்ற ஊரில் அவர்களுடைய தோட்டம் இருக்கிறது. பழைய தோட்டங்களிலிருந்து எடுத்த குச்சிகளை ரகவாரியாக நட்டு வளர்க்கிறார்கள். பழைய தோட்டம் ஒன்று பிடுங்கப்படுவதற்கு முன்னால் அங்கிருந்து குச்சி எடுத்தாகிவிட்டால் பாதி நஷ்டம் தப்பியது.

நம்பிக்கை தருகிற ஆட்களும் இருக்கிறார்கள். லூயிஸ் பாட்டோவின் மகள் ஃபிலிப்பா பாட்டோ தன் கணவரோடு ஓய்ஸ் து பைரோவில் சுண்ணாம்பு மண்ணில் நிற்கிற பழங்கொடித் துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து ஒயின் செய்கிறார். நோசா கல்காரியோ என்ற அவருடைய சிவப்பு ஒயினைக் குடித்தால், முரட்டு ஒயின் என்று இதையா சொன்னார்கள் என்று தோன்றும். போர்ட் ஒயின் குடும்பத்தைச் சேர்ந்த டிர்க் நீபோர்ட் 2012இல் கந்தன்யேட் பக்கம் கிந்தா து பைஷோ தோட்டத்தை வாங்கினார். அவர் செய்கிற போய்ரின்யோ மெல்லியது, நிறம்கூட வெளிறியது, ஆனால் வாயில் நின்று பேசும். இப்படிப்பட்டவர்கள் சிலர் பாகா ஃப்ரெண்ட்ஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து இந்தத் திராட்சைக்காகப் பேசி வருகிறார்கள். தாத்தாவின் பழங்கொடித் துண்டின் பழம் இப்போது கூட்டுக் குழிக்குப் போவதில்லை. இளைய ஒயின்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எடைக்கு இல்லாமல் துண்டுக்கு இவ்வளவு என்று வருஷ விலை பேசி எடுத்துக்கொள்கிறார். மழை பெய்தாலும் நஷ்டம் பாதிப் பாதி. கவாத்து மட்டும் நானே செய்வேன், வேறு யாரும் கத்தரிக்கோலை வைக்கக் கூடாது என்று தாத்தா நிபந்தனை போட்டார். அந்த இளைய ஒயின்காரரும் ஒத்துக்கொண்டார். இந்த மாதிரி ஏற்பாடு நாலு ஊரில் வந்துவிட்டால் பழங்கொடியைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது என்று நினைக்கிறேன்.

குடிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாகாவைத் தனியாகக் குடிக்காதீர்கள், அது சாப்பாட்டு ஒயின். பைராடாவின் மியல்யாடா ஊரில் நெடுஞ்சாலையோரம் வரிசையாகப் பன்றிக்குட்டி வறுக்கிற கடைகள் இருக்கின்றன. பூண்டும் மிளகும் கொழுப்பும் அரைத்துத் தடவி, விறகடுப்பில், பல இடங்களில் கவாத்து செய்த திராட்சைக் குச்சியையே எரித்து வறுப்பார்கள். அதற்கு ஊர்க்காரர்கள் நுரை ஒயினைத்தான் கேட்பார்கள், அது சரியான ஜோடி. சிவப்பு பாகாவுக்கு என் ஓட்டு சன்ஃபானாவுக்கு. முற்றிய ஆட்டுக் கறியைக் கருப்பு மண்சட்டியில் போட்டு, சிவப்பு ஒயினைக் கறி மூழ்கும்வரை ஊற்றி, பூண்டும் பிரியாணி இலையும் சேர்த்து, விறகடுப்பில் மணிக்கணக்காக வேக வைப்பது. கோயிம்ப்ராவைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் சாப்பாடு. கொழுப்பும் புளிப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். பாட்டி செய்கிற சன்ஃபானாவில் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லிப் பழக்கிவிட்டேன்.

போர்ச்சுகல் வருகிறவர்கள் லிஸ்பனிலிருந்து போர்ட்டோ போகிற வழியில் மியல்யாடாவில் இறங்கி ஒரு நாள் தங்கலாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் மலைமேல் புசாக்கோ அரண்மனைக்குப் போங்கள். ராஜ குடும்பத்துக்கென்று கட்டத் தொடங்கி இப்போது ஓட்டலாக இருக்கிறது. அங்கே அடைக்கிற சிவப்பு ஒயினில் பைராடாவின் பாகாவும் பக்கத்து டாவ் பகுதியின் தூரிகா நாசியோனால் என்ற கருப்புத் திராட்சையும் சேர்கின்றன, வெளிக்கடைகளில் அது எளிதில் கிடைக்காது. குப்பி வாங்கி ஊருக்கு எடுத்துப்போவதாக இருந்தால், இளைய பாகாவைக் குடிப்பதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே திறந்து வேறு பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். நம் ஊர் அறைச் சூட்டில் அப்படியே குடித்தால் துவர்ப்புதான் முந்தும், குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். கடையில் ஒட்டுத்தாளில் தோட்டத்தின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழங்கொடி என்ற சொல்லைவிட அந்தப் பெயர் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் பெயர் போட்டவரிடம் அந்தத் துண்டு நிலத்தை நேரில் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பைராடாவில் கேட்டால் காட்டுவார்கள், அறுவடை சமயமாக இருந்தால் கையில் ஒரு கத்தரிக்கோலையும் கொடுத்துவிடுவார்கள்.